பிறர்மனத்தை எழுதுதல்: ஆங்கிலப் புனைகதையில் ஆட்டிசக் கதைமாந்தரும் மருத்துவக் கோட்பாடுகளும் (1943–2013)

ஆய்வுச் சுருக்கம்

ஆட்டிச இயல்பு இல்லாத எழுத்தாளர்கள் ஆட்டிசம் உடைய கதைமாந்தரைப் படைக்கும்போது, தம் அனுபவத்திற்கு எட்டாத அகவுலகை எதைக்கொண்டு நிரப்புகின்றனர் என்னும் வினாவை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. ஃபிலிப் கே. டிக், மார்க் ஹாடன், எலிசபெத் மூன் ஆகிய மூவரின் நாவல்கள் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. அனுபவமின்மையால் தோன்றும் இடைவெளியை அந்தந்தக் காலத்து மருத்துவக் கோட்பாடே பெரிதும் நிரப்பியுள்ளது என்பதும், அக்கோட்பாட்டை மீறும் தருணங்கள் நாவல்களுக்குள்ளேயே காணக் கிடைக்கின்றன என்பதும் இங்கு எடுத்துக்காட்டப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஆட்டிசம், புனைகதை, கதைசொல்லி, பிறர்மனம் அறிதல், தன்வரலாறு, மருத்துவ வரலாறு.

முன்னுரை

தாம் வாழாத வாழ்வை எழுத்தாளர் எழுதலாமா என்னும் வினா இலக்கிய உலகிற்குப் புதிதன்று. தலித் இலக்கியம், பெண்ணெழுத்து ஆகியன குறித்த விவாதங்களின் வழியே தமிழாய்வுலகம் அதனை நன்கறியும். ஆயின் ஆட்டிசம் உடைய கதைமாந்தரைப் படைக்கும் இடத்தில் அவ்வினா வேறொரு கடுமையைப் பெறுகிறது. சாதியோ பாலினமோ வேறான ஒருவரை எழுதும் எழுத்தாளர், கேட்டலும் காணலும் நினைத்தலும் தமக்கும் அவருக்கும் ஏறத்தாழ ஒன்றே என்னும் நம்பிக்கையில் தொடங்குகிறார். ஆட்டிசம் உடையவரை எழுதுபவருக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஒலி எவ்வாறு வந்து சேர்கிறது, முகம் எவ்வாறு தோன்றுகிறது, சொல் எவ்வாறு பொருள்படுகிறது என்னும் அடிப்படைகளே ஐயத்திற்கு உள்ளாகின்றன.

இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. ஆட்டிசம் உடையவர்களுக்குச் சொல்லத்தக்க அகவுலகம் உண்டு என்பதையே மருத்துவத் துறை நெடுங்காலம் ஐயுற்றது. 1986 வரை, ஆட்டிசம் உடைய ஒருவர் தம்மைப் பற்றி எழுதிய நூலைத் தேடும் ஆங்கில எழுத்தாளருக்குக் கையில் கிடைக்கத்தக்கது ஏதுமில்லை என்றே சொல்லலாம். கிடைத்தவை மருத்துவர் எழுதியவையும் பெற்றோர் எழுதியவையுமே. எனவே, நேரடி அனுபவம் இல்லாத எழுத்தாளர் வெறும் கற்பனையிலிருந்து எழுதினார் என்று கருதுவது பிழை. அவருடைய மேசையில் ஏற்கெனவே ஒரு கோட்பாடு இருந்தது. அக்கோட்பாடு எது, அது கதைக்குள் எவ்வாறு நுழைந்தது என்று கண்டறிவது வரலாற்று ஆய்வின் பணியாகும்.

ஹெர்மன் மெல்வில்லின் பார்ட்டில்பி, டிக்கன்ஸின் பார்னபி ரட்ஜ் முதலிய பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கதைமாந்தரை ஆட்டிசம் உடையோராக வாசிக்கும் போக்கு திறனாய்வாளர் சிலரிடையே உண்டு. கதைமாந்தருக்கு நோயறிதல் சான்றிதழ் வழங்கும் இம்முயற்சி சுவையானது. எனினும் வரலாற்றுக்குப் பெரிதும் உதவாது. மெல்வில்லின் முன்னே அப்படியொரு வகைப்பாடு இல்லை. வகைப்பாடு பிறந்த பின்னர் எழுதப்பட்ட படைப்புகளையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

சொல்லும் அதன் சுமையும்

'தான்' எனப் பொருள்படும் 'ஆட்டோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'ஆட்டிசம்' என்பதை ஸ்விட்சர்லாந்து உளமருத்துவர் யூஜென் பிளாய்லர் உருவாக்கினார். மனச்சிதைவு நோயாளர் புறவுலகிலிருந்து விலகித் தம்முள் ஒடுங்கும் நிலையைக் குறிக்கவே அவர் அதனை 1910ஆம் ஆண்டையொட்டிப் பயன்படுத்தினார். முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர்க் குழந்தை மருத்துவத்திற்கு அச்சொல் கடன்பெறப்பட்டபோது, 'விலகி ஒடுங்குதல்' என்னும் விளக்கமும் உடன் வந்துசேர்ந்தது. தமிழ்நாட்டு அரசு ஆவணங்களில் வழங்கும் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்னும் தொடரில் அவ்விளக்கம் இன்றும் உயிரோடிருக்கிறது. 'மதியிறுக்கம்' என்பதும் ஒரு கோட்பாட்டைச் சுமந்த சொல்லே. ஒலிக்கும் உரையாடலுக்கும் நடுவே அளவுக்கு மீறிய புறவுலகத்தால் அலைக்கழிக்கப்படுவதாகவே ஆட்டிசம் உடையோர் பலர் தம் தன்வரலாறுகளில் எழுதியுள்ள நிலையில், அவர்களைப் 'புற உலகச் சிந்தனை அற்றவர்' என்பது எத்துணை முரணானது என்பது எண்ணத்தக்கது. இக்காரணம் பற்றியே இக்கட்டுரையில் 'ஆட்டிசம்' என்னும் ஒலிபெயர்ப்பு கையாளப்படுகிறது.

தந்தையின் கடிதம்

அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய லியோ கேனர், 1943இல் 11 குழந்தைகளைப் பற்றிய ஆய்வுக்கட்டுரையை வெளியிட்டார். அவர்களுள் 8 பேர் சிறுவர், 3 பேர் சிறுமியர். முதற்குழந்தையான டொனால்ட் 1938 அக்டோபரில் தம் ஐந்தாம் வயதில் கேனரிடம் அழைத்துவரப்பட்டான். அதற்கு முன்னரே அவனுடைய தந்தை தட்டச்சில் 33 பக்கங்கள் கொண்ட கடிதமொன்றை அனுப்பியிருந்தார். கேனரின் முதல் நோயாளர் விவரணை அக்கடிதச் செய்திகளைக் கொண்டே தொடங்குகிறது. ஆட்டிசம் குறித்த மருத்துவ எழுத்தின் தொடக்கமே, குழந்தையின் அகத்தை வெளியிலிருந்து பார்த்து எழுதிய ஒருவரின் உரைநடை என்பது இலக்கிய ஆய்வாளர் கவனத்தில் இதுவரை போதிய அளவு விழவில்லை. மருத்துவர்க்கும் நேரடி அனுபவம் இல்லை, அவரும் கேட்டெழுதியவரே.

இந்நிலை கிழிந்துபோகத்தக்க மெல்லிய இழையின்மேல் நின்றது. கேனர் அக்கட்டுரையின் இறுதியில் இவ்வியல்பு பிறவியிலேயே அமைந்தது என்றார். ஆயினும் பெற்றோர் அறிவாற்றல் மிக்கவர் என்றும், அவர்களுள் உளங்கனிந்தவர் சிலரே என்றும் அதே கட்டுரையில் குறித்தார். 1949இல் எழுதிய கட்டுரையில் இரண்டாவது கூற்று முதன்மை பெற்றது. உறைபனி உருகாத குளிர்பதனப் பெட்டியில் வைக்கப்பட்ட குழந்தைகள் என்னும் உருவகம் அங்குதான் தோன்றியது. ஓர் உருவகம் மருத்துவக் கருத்தாகி, பின்னர்த் தாய்மார் மீதான குற்றச்சாட்டாகி, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆட்சி செய்தது. சிகாகோவில் சிறார் உறைவிடப் பள்ளியொன்றை நடத்திய புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் வெளியிட்ட 'தி எம்ப்டி ஃபோர்ட்ரெஸ்' என்னும் நூல் அதன் உச்சம். டாக்காவ், புக்கன்வால்ட் நாஜி முகாம்களில் அடைபட்டிருந்த பெட்டல்ஹைம், அங்கே கண்ட கைதிகளின் ஒடுக்கத்தை இக்குழந்தைகளின் நிலையோடு ஒப்பிட்டார். அவ்வொப்புமையில் முகாம் காவலரின் இடத்தில் யார் நிற்கிறார் என்பதை வாசகரே உய்த்துணர வேண்டியதாயிற்று. 1969இல் பெற்றோர் மாநாடொன்றில் பேசிய கேனர், பெற்றோர் குற்றமற்றவர் என்று வெளிப்படையாக அறிவித்தார். அதற்குள் ஒரு தலைமுறைத் தாய்மார் அக்குற்றச்சாட்டோடு வாழ்ந்து முடித்திருந்தனர்.

செவ்வாயில் ஒரு சிறுவன்

ஃபிலிப் கே. டிக்கின் 'மார்ஷியன் டைம்-ஸ்லிப்' 1964இல் நூலாக வந்தது. செவ்வாய்க் கோளில் குடியேறிய மக்களிடையே நிகழும் இந்நாவலில், மேன்ஃபிரட் ஸ்டெய்னர் என்னும் பத்து வயதுச் சிறுவன் ஆட்டிசம் உடையவன். பேசாதவன். அவனைப் போன்ற குழந்தைகளுக்கென அமைந்த முகாமில் வளர்பவன். தொழிற்சங்க அதிகாரத்தைக் கையில் வைத்திருக்கும் ஆர்னி காட் என்பவன், மேன்ஃபிரட்டுக்கு எதிர்காலம் தெரியும் என்று நம்பி அவனைப் பயன்படுத்திக்கொள்ள முயல்கிறான். ஒரு காலத்தில் மனச்சிதைவுக்கு ஆளாகி மீண்டவனான பழுதுநீக்குநன் ஜாக் போலன், சிறுவனோடு தொடர்புகொள்வதற்கான கருவியைச் செய்யும் பொறுப்பை ஏற்கிறான்.

இந்நாவலில் கோட்பாடு இரண்டு வழிகளில் நுழைகிறது. முதலாவது, தாயைப் பற்றிய குறிப்பு. மேன்ஃபிரட்டின் தந்தை தம் மனைவியைக் குறைகூறுகிறார். அவள் வேதியியல் பயின்றவள். குழந்தையைக் கொஞ்சாமல், ஆய்வுக்கூட விலங்கைப் பேணுவதுபோல் குளிப்பாட்டி உணவூட்டினாள் என்பது அவர் நினைப்பு. கேனரின் 1949ஆம் ஆண்டு விளக்கம் இங்கே ஏறத்தாழ மாற்றமின்றிக் கதைமாந்தரின் வாயில் வந்து நிற்கிறது. படித்த தாய், அறிவு சார்ந்த தாய், ஆகவே குளிர்ந்த தாய் என்னும் தருக்கம் அக்காலத்தின் பொதுப்புத்தியாகிவிட்டதை இதனினும் தெளிவாகக் காட்டும் புனைகதைச் சான்று அரிது. இரண்டாவது, காலம் பற்றிய கருத்து. ஆட்டிசம் உடையவரின் கால உணர்வு பிறழ்ந்தது, அவருக்கு உலகம் அளவுக்கு மீறிய வேகத்தில் ஓடுகிறது என்னும் விளக்கத்தை நாவலின் உளமருத்துவர் ஸ்விஸ் ஆய்வாளரின் கொள்கை எனக் கூறுகிறார். டிக், ஸ்விஸ் உளமருத்துவர் லுட்விக் பின்ஸ்வாங்கரின் எழுத்துகளில் ஈடுபாடு கொண்டிருந்தவர். மனச்சிதைவுக்கும் ஆட்டிசத்துக்கும் இடையே அவர் கோடு கிழிக்காததற்கும் பிளாய்லர் வழிவந்த அக்கால மருத்துவமே பின்புலம்.

இவ்வளவும் இரவல். ஆயின் நாவல் அங்கே நின்றுவிடவில்லை. மேன்ஃபிரட் எதிர்காலத்தில் காண்பது என்ன? இன்னும் கட்டப்படாத மாபெரும் குடியிருப்புக் கட்டடம் சிதைந்து கிடப்பதை அவன் வரைகிறான். அக்கட்டடத்தில், கருவிகளால் உயிர் நீட்டிக்கப்பட்ட முதியவனாகத் தான் அடைபட்டுக் கிடப்பதை அவன் முன்கூட்டியே காண்கிறான். அவனுடைய அச்சத்தின் பெயர் நோய் அன்று; நிறுவனம். ஆட்டிசம் உடைய குழந்தைகளைப் பெருங்காப்பகங்களில் சேர்த்துவிடுவதே மருத்துவ அறிவுரையாக இருந்த காலத்தில், அக்காப்பகத்தைச் சிறுவனின் கண்ணால் நரகமாகக் கண்டது ஓர் அறிவியல் புனைகதை. எந்த மருத்துவ நூலும் டிக்குக்கு அதனைக் கொடுத்திருக்க முடியாது. இறுதியில் மேன்ஃபிரட்டை மீட்பவர் மருத்துவரோ பெற்றோரோ அல்லர். குடியேறியோரால் ஒதுக்கப்பட்ட செவ்வாய்ப் பழங்குடியினர். ஒதுக்கப்பட்டோரே சிறுவனோடு பேச வல்லவர் என்னும் இம்முடிவில் பழங்குடி பற்றிய மிகைநம்பிக்கை தென்படுகிறது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் மொழி தெரியாதது சிறுவனுக்கு மட்டும் அன்று, அவனைச் சூழ்ந்தோர்க்கும்தான் என்னும் குறிப்பு அங்கே முளைவிட்டுள்ளது.

இடையில் ஒரு திரைப்படம்

'ரெயின் மேன்' (1988) திரைப்படத்தைத் தவிர்த்து இவ்வரலாற்றைக் கூற இயலாது. ஆயினும் அதில் நெடுநேரம் தங்க வேண்டியதில்லை. அதன் கதாசிரியர் பேரி மாரோ 1984இல் டெக்சாஸில் கிம் பீக் என்பவரைச் சந்தித்தார். படித்த நூல்களையெல்லாம் நினைவில் வைத்திருந்த அவரே ரேமண்ட் என்னும் பாத்திரத்திற்கு முதல் தூண்டுதல். படம் உருவாகும்போது ரேமண்ட் ஆட்டிசம் உடையவராக மாற்றப்பட்டார். கிம் பீக் ஆட்டிசம் உடையவர் அல்லர் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஆகவே, உலகம் முழுதும் ஆட்டிசத்தின் முகமாக ஏற்றுக்கொண்ட பாத்திரம், ஒருவரின் நினைவாற்றலும் வேறு சிலரின் உடலசைவுகளும் ஒட்டவைக்கப்பட்டதாகும். நான்கு ஆஸ்கர் விருதுகளுக்குப் பின்னர், ஆட்டிசம் உடையவரைச் சந்திப்போர் அவருடைய தனித்திறமை யாது என்று வினவுவது வழக்கமாயிற்று. அத்தகைய வியத்தகு திறமை ஆட்டிசம் உடையோருள் பத்தில் ஒருவருக்கே காணப்படுவதாக மதிப்பிட்டவர் பெர்னார்ட் ரிம்லண்ட். அவரே இப்படத்திற்கு ஆலோசனை வழங்கியவர்களுள் ஒருவர் என்பது வரலாற்றின் நகை.

கோலிக்குண்டும் மிட்டாய்க்குழலும்

1985இல் சைமன் பேரன்-கோஹன், ஆலன் லெஸ்லி, உட்டா ஃப்ரித் ஆகியோர் இலண்டனில் நிகழ்த்திய சோதனையின் முடிவை வெளியிட்டனர். சாலி என்னும் பொம்மை தன் கோலிக்குண்டைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே செல்கிறது. ஆன் என்னும் பொம்மை அதனைப் பெட்டிக்கு மாற்றுகிறது. சாலி திரும்பி வந்து எங்கே தேடுவாள் என்பது வினா. கூடை என்று விடைகூறும் குழந்தை, தனக்குத் தெரிந்தது சாலிக்குத் தெரியாது என்பதை உணர்ந்துள்ளது. ஆட்டிசம் உடைய 20 குழந்தைகளுள் 16 பேர் பெட்டியைச் சுட்டினர். டவுன் நோய்க்குறி உடைய 14 குழந்தைகளுள் பெரும்பாலோர் சரியாக விடையளித்தனர். பிறருக்கும் மனம் உண்டு, அதில் வேறு எண்ணம் இருக்கலாம் என்று அறியும் திறன் ஆட்டிசத்தில் குறைவுபட்டுள்ளது என்னும் கோட்பாடு இதிலிருந்து வளர்ந்தது. இக்கட்டுரை அதனைப் 'பிறர்மனம் அறிதல்' கோட்பாடு எனக் குறிக்கிறது. 1989இல் இதே நோக்கில் வேறொரு சோதனையும் ஆட்டிசம் உடைய குழந்தைகளிடம் நிகழ்த்தப்பட்டது. ஸ்மார்ட்டீஸ் மிட்டாய்க்குழலைக் காட்டி உள்ளே என்ன இருக்கும் என்று கேட்பர். குழந்தை மிட்டாய் என்னும். திறந்தால் உள்ளே பென்சில் இருக்கும். இதுவரை பார்க்காத ஒருவர் இப்போது வந்தால் என்ன சொல்வார் என்பது அடுத்த வினா.

1985ஆம் ஆண்டின் சோதனைக்கு அடுத்த ஆண்டே டெம்பிள் கிராண்டின், மார்கரெட் ஸ்கேரியானோவுடன் இணைந்து எழுதிய 'எமர்ஜென்ஸ்' வெளிவந்தது. ஆட்டிசம் உடைய ஒருவர் தம் அகவுலகைத் தாமே கூறிய நூல் அது. அதனை முதலில் படித்தபோது தமக்கு எழுந்த ஐயத்தை நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ் பின்னர் வெளிப்படையாக எழுதினார். ஆட்டிசம் உடையவர் தம்மையும் பிறரையும் இவ்வாறு உணர்ந்து எழுத இயலாது என்று மருத்துவம் கருதியதால், உடன் எழுதியவரின் கைவண்ணமே அதிகம் இருக்கக்கூடும் என அவர் எண்ணினார். கிராண்டினின் பிற கட்டுரைகளையும் படித்த பின்னரே அவ்வையம் நீங்கியது. கோட்பாடு எழுத்தாளரை மட்டும் அன்று, வாசகரையும் ஆள்கிறது என்பதற்கு இதனைவிட நேர்மையான வாக்குமூலம் கிடைப்பது அரிது. 1992இல் டோனா வில்லியம்ஸின் 'நோபடி நோவேர்' வந்தது. 1993இல் ஜிம் சிங்க்ளேர், தங்கள் குழந்தைகளின் ஆட்டிசத்தை இறப்பைப் போலத் துக்கம் கொண்டாட வேண்டாம் என்று பெற்றோரை நோக்கி உரையாற்றினார்.

ஆகவே 2003இல் மார்க் ஹாடனின் 'தி கியூரியஸ் இன்சிடென்ட் ஆஃப் தி டாக் இன் தி நைட்-டைம்' வெளிவந்தபோது எழுத்தாளர் முன்னே இரண்டு அலமாரிகள் இருந்தன. ஒன்றில் ஆய்வுக்கூட அறிவு, மற்றொன்றில் தன்வரலாறுகள். ஹாடன் பின்னாளில் எழுதிய குறிப்பொன்றில், கிராண்டினைப் பற்றிய சாக்ஸின் கட்டுரையையும் சில செய்தித்தாள், இதழ்க் கட்டுரைகளையும் மட்டுமே தாம் படித்ததாகவும், வேண்டுமென்றே அதற்கு மேல் படிக்கவில்லை என்றும் கூறியுள்ளார். இளமையில் மாற்றுத்திறனாளிகளோடு பணியாற்றிய அனுபவம் அவருக்கு உண்டு. எனினும் தன்வரலாற்று அலமாரியும் மருத்துவர் ஒருவரின் கட்டுரை வழியாகவே அவரை அடைந்தது என்பது நோக்கத்தக்கது.

நாவலின் கதைசொல்லி, ஸ்விண்டன் நகரில் தந்தையோடு வாழும் 15 வயதுக் கிறிஸ்டோபர் பூன். பக்கத்து வீட்டு நாயைக் கொன்றவர் யார் எனத் துப்பறியும் அவன், இறந்துவிட்டதாகச் சொல்லப்பட்ட தன் தாய் உயிரோடிருப்பதைக் கண்டறிகிறான். இயல்களுக்குப் பகா எண்கள் இடப்பட்டுள்ளன. பொய் சொல்ல இயலாதவன். உருவகத்தையும் பொய் என்று கருதுபவன். நாவலின் முழு உத்தியும் ஒரே இடைவெளியை நம்பியுள்ளது. கிறிஸ்டோபர் கண்டதை அப்படியே பதிவு செய்கிறான். பெற்றோரின் துயரையும் துரோகத்தையும் வாசகர் அப்பதிவுக்குப் பின்னே கண்டுகொள்கிறார். அவன் அறியாததை வாசகர் அறிவதே சுவை. அதாவது, பிறர்மனம் அறிதல் கோட்பாடு இங்கே பாத்திரத்தின் பண்பாக மட்டும் இல்லை. கதைசொல்லும் முறையாகவே மாறியுள்ளது. பள்ளியில் சேர்ந்த புதிதில் ஆசிரியை ஒருவர் ஸ்மார்ட்டீஸ் குழலைக் காட்டித் தன்னைச் சோதித்ததைக் கிறிஸ்டோபர் நினைவுகூர்கிறான். உள்ளே பென்சில். தாய் வந்தால் என்ன சொல்வாள் என்று கேட்டபோது, பென்சில் என்றே விடையளித்தான். 1989ஆம் ஆண்டின் ஆய்வுக்கூடக் கருவி ஒரு சிறுவனின் பால்யநினைவாகப் புனைகதைக்குள் வந்து அமர்ந்துவிட்டது. ஆசிரியர் ஆய்வுநூல்களைத் தேடிப் படிக்காதபோதும் இது நிகழ்ந்துள்ளது என்பதே இங்கு முக்கியம். கோட்பாடு அதற்குள் செய்தித்தாள் வழியாக ஊரறிந்த செய்தியாகியிருந்தது.

ஆனால் அதே பத்தியில் நாவல் கோட்பாட்டைக் கைவிடுகிறது. தனக்கு இது எப்போதும் கடினமாகவே இருக்கும் என்று அந்த ஆசிரியை பெற்றோரிடம் கூறியதைக் கிறிஸ்டோபர் பதிவு செய்துவிட்டு, இப்போது கடினமாக இல்லை என்கிறான். அதனை ஒரு புதிராகக் கருதத் தொடங்கியதாகவும், புதிருக்கு விடை உண்டு என்றும் விளக்குகிறான். இலண்டன் சோதனையில் சரியாக விடையளித்த எஞ்சிய 4 குழந்தைகள் இவ்விடத்தில் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. இன்னும் கூர்ந்து நோக்கினால், நாவலின் வடிவமே கோட்பாட்டுக்கு எதிர்ச்சான்று. கிறிஸ்டோபர் ஒரு நூல் எழுதுகிறான். தன் வாசகருக்கு எது தெரியும், எது தெரியாது என்பதைப் பக்கந்தோறும் கணிக்கிறான், வரைபடம் தருகிறான். கணக்கின் விடையை விரும்பாத வாசகரும் இருப்பர் என்னும் ஆசிரியை ஷிவோனின் அறிவுரையை ஏற்று, அதனைப் பிற்சேர்க்கைக்கு நகர்த்துகிறான். பிறர்மனத்தை அறியாதவன் பின்னிணைப்பு எழுதுவதில்லை. நாவலைப் பாராட்டியவரும் பழித்தவரும் கிறிஸ்டோபர் ஆட்டிசத்தைச் சரியாகச் சித்திரிக்கிறானா என்றே பெரிதும் வாதிட்டனர். கதைசொல்லுதல் என்னும் செயலே அவனைத் தன் மேல் ஏற்றப்பட்ட கோட்பாட்டிலிருந்து விடுவிக்கிறது என்னும் செய்தி அவ்வாதத்தில் தவறவிடப்பட்டது.

தேர்வாளரைப் படிக்கும் தேர்வர்

ஏறத்தாழ அதே காலத்தில், 2002இல் இங்கிலாந்திலும் மறு ஆண்டு அமெரிக்காவிலும் வெளிவந்த எலிசபெத் மூனின் 'தி ஸ்பீட் ஆஃப் டார்க்' 2003ஆம் ஆண்டுக்கான நெபுலா விருதைப் பெற்றது. பிறவியிலேயே ஆட்டிசத்தை நீக்கும் சிகிச்சை வந்துவிட்ட அண்மை எதிர்காலத்தில், அச்சிகிச்சை வருவதற்கு முன் பிறந்த கடைசித் தலைமுறையைச் சேர்ந்தவர் லூ அரெண்டேல். மருந்து நிறுவனமொன்றில் வடிவொழுங்குகளைக் கண்டறியும் பணியைச் செய்பவர், வாள்வீச்சுப் பயில்பவர். வளர்ந்தோருக்கான சோதனைச் சிகிச்சைக்கு அவரையும் அவருடைய உடன்பணியாளரையும் உட்படுத்த மேலாளர் ஒருவர் நெருக்குதல் தருகிறார்.

இந்நாவலும் ஒரு சோதனை அறையில் தொடங்குகிறது. எதிரே உளமருத்துவர். அவர் கேட்கும் வினாக்களுக்கு விடையைப் பொறுத்திருந்து கேட்பதில்லை என்பதையும், எவ்விடையைச் சொன்னால் அவர் நிறைவடைவார் என்பதையும் லூ அறிந்திருக்கிறார். சொல்லக்கூடாதவற்றை மனத்திற்குள் வைத்துக்கொள்கிறார். ஹாடனின் மிட்டாய்க்குழல் காட்சியில் தேர்வாளர் குழந்தையின் மனத்தை அளக்கிறார். மூனின் தொடக்கக் காட்சியில் தேர்வுக்கு உள்ளாகுபவர் தேர்வாளரின் மனத்தைப் படிக்கிறார். தேர்வாளருக்கோ இவருடைய மனம் புலப்படவில்லை. குறைபாடு எந்தப் பக்கம் உள்ளது என்னும் வினாவை வாசகர் தவிர்க்க இயலாது. இடையிடையே சில பகுதிகள் மேற்பார்வையாளர், வாள்வீச்சு ஆசிரியர் ஆகியோரின் நோக்கில் படர்க்கையில் அமைகின்றன. இயல்பானவர் எனப்படுவோரின் அகவுலகமும் குழப்பமும் தயக்கமும் நிறைந்ததாகவே அங்கே வெளிப்படுகிறது.

ஆட்டிசம் உடைய ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012இல் வெளியிட்ட கட்டுரையில், புரிதலின்மை இருவழிப்பட்டது என்று வாதிட்டார். ஆட்டிசம் உடையவர் பிறரைப் புரிந்துகொள்ளத் தடுமாறும் அளவுக்குப் பிறரும் அவரைப் புரிந்துகொள்ளத் தடுமாறுகின்றனர்; இருந்தும் ஒரு தரப்பின் தடுமாற்றம் மட்டுமே குறைபாடு எனப் பெயர்பெற்றது என்பது அவர் கருத்து. மூனின் முதற்காட்சி அக்கருத்தைப் பத்தாண்டுகளுக்கு முன்னரே கதையாக்கியுள்ளது. மேன்ஃபிரட்டின் முடிவில் முளைவிட்டிருந்த குறிப்பும் இதனோடு உறவுடையதே.

மூன் ஆட்டிசம் உடைய மகனின் தாய் என்பதால் இது அவருக்கு எளிதில் வாய்த்தது என்னும் விளக்கம் உடனடியாக முன்வைக்கப்படும். அது ஓரளவே பொருந்தும். 'ரெயின் மேன்' படத்திற்கு ஆலோசனை கூறிய ரிம்லண்டும் ஆட்டிசம் உடைய மகனின் தந்தையே. தாய்மார் மீதான பழியை 1964ஆம் ஆண்டு நூலால் உடைத்தவர் அவர். எனினும் ஆட்டிசத்தை நீக்கத்தக்க நோயாகவே இறுதிவரை கருதினார். டொனால்டின் தந்தையும் அருகிலிருந்து எழுதியவரே. அருகாமை செய்திகளைத் தருகிறது. அச்செய்திகளை எப்பக்கத்திலிருந்து அடுக்குவது என்பதை அது தீர்மானிப்பதில்லை. 1993இல் சிங்க்ளேர் பேசியது பெற்றோரிடம் என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும். மூன் எழுதத் தொடங்கியபோது அக்குரல்கள் பொதுவெளியில் இருந்தன. அவை எழுப்பிய வினாக்களின் தடம் நாவல் முழுதும் உள்ளது.

எனினும் நாவலின் முடிவு எளிதாக ஏற்கத்தக்கதன்று. லூ தாமே முன்வந்து சிகிச்சையை ஏற்கிறார். இழந்தவை பல: நண்பர்கள், வாள்வீச்சில் இருந்த மகிழ்ச்சி, மார்ஜரி என்னும் பெண்ணின் மீதிருந்த அன்பு. பெற்றது விண்வெளிப் பயணம். இருள் எப்போதும் ஒளிக்கு முன்னரே அங்கிருப்பதால் அது ஒளியினும் விரைவானதாக இருக்க வேண்டும் என்று சிந்தித்த அந்த மனம் இறுதியில் எங்கே சென்றது என்பதற்கு நாவல் தெளிவாக விடை தருவதில்லை. விருப்பத்தோடு செய்த தேர்வு என்று இதனைக் கொள்வோரும், ஆட்டிசம் உடையவர் முழுமனிதராக வேண்டுமாயின் ஆட்டிசத்தை விட்டொழிக்க வேண்டும் என்னும் பழைய கருத்துக்கே நாவல் திரும்பிவிட்டது என்போரும் உளர். முன்பாதியில் ஐந்நூறு சிறு நுட்பங்களால் கட்டியெழுப்பிய ஒருவரைச் சில பக்கங்களில் வேறொருவராக்கியதைக் காண்கையில், இரண்டாம் தரப்பினரின் ஏமாற்றம் நியாயமானதே எனத் தோன்றுகிறது.

அட்டைச்சொல்

தத்துவ அறிஞர் இயன் ஹாக்கிங் 2009இல் எழுதிய கட்டுரைகளில், ஆட்டிசம் பற்றிய தன்வரலாறுகளும் புனைகதைகளும் ஏற்கெனவே உள்ள அனுபவத்தை விவரிப்பதோடு நிற்பதில்லை, அவ்வனுபவத்தைப் பேசுவதற்கான மொழியையே உருவாக்குகின்றன என்றார். இது சரியெனின், ஆட்டிசம் உடைய சிறுவன் ஒருவன் தன்னை அறிய முற்படும்போது அவன் கையில் முதலில் கிடைக்கும் சொற்களுள் கிறிஸ்டோபரின் சொற்களும் உண்டு. நேரடி அனுபவம் இல்லாதவர் எழுதிய மொழி, நேரடி அனுபவம் உடையவரின் மொழியாகத் திரும்பிச் செல்கிறது. இந்நாவலைப் பாடமாக வைக்கும் ஆசிரியர் கருத வேண்டிய செய்தி இது.

ஹாடனின் நாவலுக்குள் 'ஆட்டிசம்' என்றோ 'ஆஸ்பெர்கர்' என்றோ ஒரு சொல் கூட இல்லை. முதற்பதிப்பின் மேலுறையில்தான் ஆஸ்பெர்கர் நோய்க்குறி என்னும் தொடர் இருந்தது. அது அங்கு இடம்பெற்றது குறித்து ஆசிரியர் பின்னர் வருத்தம் தெரிவித்தார். வியன்னாவின் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944இல் ஜெர்மன் மொழியில் எழுதியதை ஆங்கில உலகிற்கு அறிமுகம் செய்து, 1981இல் அப்பெயரைப் பரப்பியவர் லோர்னா விங். அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் வகைப்பாட்டு நூல் அதனை 1994இல் ஏற்றது. 2013இல் நீக்கிவிட்டு, ஆட்டிச நிறமாலை என்னும் ஒரே வகைக்குள் அடக்கியது. 2018இல் ஹெர்விக் செக், ஈடித் ஷெஃபர் ஆகியோரின் ஆய்வுகள், மாற்றுத்திறன் குழந்தைகள் கொல்லப்பட்ட அம் ஸ்பீகல்குருண்ட் மருத்துவமனைக்கு ஆஸ்பெர்கர் குழந்தைகளை அனுப்பியதை ஆவணங்களோடு வெளிப்படுத்தின. மேலுறைச் சொல் பத்தாண்டுகளில் மருத்துவ நூலிலிருந்து மறைந்தது. நாவலின் உள்ளே ஒரு வரியையும் மாற்ற வேண்டிய தேவை எழவில்லை.